ரேகைக்குக் குறுக்கே

ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தோல் நோயியலில் மேற்பயிற்சி இடம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். அதற்கு முதலில் எந்தத் துறையில் சேருவது நல்லது, தோல் மருத்துவமா, நோயியலா? கேட்பவர்கள் இளம் டொக்டர்கள். சிலர் எங்கள் ஆட்களின் பிள்ளைகள், ஒஸ்லோவில் பிறந்தவர்கள். சென்ற மாதம் வந்த ஒரு கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. நான் வேலை செய்த பகுதியில் மைக்ரோஸ்கோப் என்னும் நுணுக்குக்காட்டிகளை எடுத்துவிட்டுத் திரைகளை வைக்கிறார்களாம். "அன்ரி, இனி எல்லாம் ஸ்கிரீனிலைதான். அப்ப நோயியல் எடுக்கிறதிலை பிரயோசனம் இருக்கோ?" என்று எழுதியிருந்தாள் அந்தப் பிள்ளை.

எந்த வழியால் போனால் இடம் கிடைக்கும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் எனக்குக் கிடைத்த விடை ஒரு மின்னஞ்சலுக்குள் அடங்காது. அதனால் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தோல் நோயியல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவருடைய தோலிலிருந்து வெட்டி எடுத்த சிறு துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கும் வேலை அது. அதற்குள் போக இரண்டு கதவுகள் உண்டு. தோல் மருத்துவராகி, நோயாளியைப் பார்த்துப் பழகிப் பிறகு நுணுக்குக்காட்டிக்கு வரலாம். அல்லது நோயியலாளராகி, உடம்பின் எல்லாத் துண்டுகளையும் பார்த்துப் பழகிப் பிறகு தோலுக்கு வரலாம். இரண்டு கதவாலும் வந்தவர்கள் கடைசியில் ஒரே மேற்பயிற்சி இடத்துக்குத்தான் போட்டி போட வேண்டும். நான் ஆசைப்பட்ட இடம் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் இருந்தது. ஆண்டுக்கு ஒருவரை மட்டும் எடுப்பார்கள்.

படிப்புக் காலத்தை விரித்து எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நோர்வேக்கு வந்தேன். மொழி, மருத்துவக் கல்லூரி, வடக்கே ஓர் ஊரில் பயிற்சி, திருமணம், மகள். இவையெல்லாம் ஒன்பது குறிப்பேடுகளில் இருக்கின்றன. தினமும் நாலைந்து வரி எழுதும் பழக்கம் எனக்கு. கிழமை, வானிலை, வாசித்த புத்தகம், பார்த்த வேலை. வரலாற்றுப் புத்தகங்களை நிறைய வாசித்ததில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. நினைவு ஒன்று சொல்லும், குறிப்பேடு இன்னொன்று சொல்லும். துறையைத் தெரிவு செய்த நாளில் பனி கொட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். குறிப்பேட்டில் 'வியாழன். மழை. ட்ராம் பிந்தியது' என்று இருக்கிறது. நான் குறிப்பேட்டின் பக்கம்.

அந்த வியாழனுக்கு முந்தைய திங்கட்கிழமை இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வந்திருந்தது. தோல் மருத்துவம் என்னை எடுக்கத் தயார். நோயியலும் எடுக்கத் தயார். வெள்ளி மதியத்துக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கணக்குப் பார்த்தால் தோல் மருத்துவம்தான் சரி. நான் விரும்பிய மேற்பயிற்சிக்கு அதுவரை போனவர்களின் பெயர்களை நூலகத்தில் தேடிப் பட்டியல் போட்டிருந்தேன். பெரும்பாலானோர் தோல் மருத்துவர்கள். எனக்குத் தெரிந்த மூத்த டொக்டர் ஒருவரும், "தோலுக்கு வந்தால் பாதிப் போட்டியை வென்ற மாதிரி" என்றார். பிறகு, நல்ல மனத்தோடுதான், "ஆனால் நோயியலில் உனக்கு மொழிச் சிக்கல் இருக்காது, அங்கே பேச வேண்டியதில்லை" என்றும் சொன்னார்.

பதில் வருவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையே எங்கள் குடும்பத்திலும் பட்டிமன்றம் முடிந்திருந்தது. ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவில் என் கணவரின் தமக்கை, எனக்கு மச்சாள், இருக்கிறா. அவ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவதான் தொடங்கினா.

"தோல் டொக்டர் எண்டால் சனத்துக்கு விளங்கும். நாளைக்கு என்ரை பெட்டைக்குப் பரு வந்தால் கூட்டிக்கொண்டு வரலாம். மற்றது என்ன வேலை? செத்த ஆக்களை வெட்டுறதோ?"

"செத்த ஆக்கள் கொஞ்சம்தான் மச்சாள். உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை துண்டுகள்தான் கூட வரும்."

"ஐயோ, இறைச்சிக் கறியை முன்னாலை வைச்சுக்கொண்டு கதைக்கிற கதையே இது!"

மச்சாளின் கணவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அவவின்ரை நோர்வேஜியனுக்கு அதுதான் தோது. துண்டு திருப்பிக் கேள்வி கேளாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய்க் குத்தியது.

ட்வெய்ட்டாவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவர் கேட்டார். ட்ராம் பணிமனையில் இயந்திரம் திருத்துபவர் அவர். கேள்விகளையும் திருகாணி போலத்தான் போடுவார்.

"இஞ்சாரும், அந்த வெளிநாட்டு இடம் கிடைக்கேல்லை எண்டு வைப்பம். பிறகு முப்பது வருசம் எந்த மேசையிலை இருப்பீர்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. என் பட்டியலில் வென்றவர்களின் பெயர்கள்தான் இருந்தன. வெல்லாதவர்கள் பிறகு எங்கே உட்கார்ந்தார்கள் என்று நான் தேடவேயில்லை. மூன்று நாள் யோசித்தேன். இரண்டு பகுதிகளிலும் மாணவியாக இரண்டிரண்டு வாரம் இருந்திருக்கிறேன். தோல் பகுதியில் துண்டை வெட்டி அனுப்பிவிட்டு, விடை வரும்வரை காத்திருப்போம். வரும் காகிதத்தில் யாரோ எழுதியிருப்பார்கள். காத்திருக்கும் ஆளாக முப்பது வருசம் இருக்க என்னால் முடியாது. அந்தக் காகிதத்தை எழுதும் ஆளாக இருக்க வேண்டும்.

வியாழன் காலை நோயியல் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். மச்சாளுக்கு நான் சொல்லவில்லை. என் கணவர் சொன்னார். "எல்லாம் உன்ரை கேள்வியாலை வந்தது" என்று அவருக்கு ஏச்சு விழுந்ததாம்.

மூத்த டொக்டர் சொன்னதில் ஒன்றை இங்கேயே திருத்திவிடுகிறேன். நோயியலில் பேச வேண்டியதில்லை என்பது முழுப் பிழை. அங்கே எல்லாமே மொழி. மெலனோமா என்பது தோலில் வரும் கொடிய புற்றுநோய். 'மெலனோமா' என்று எழுதுவதற்கும் 'மெலனோமாவாக இருக்கலாம்' என்று எழுதுவதற்கும் இடையே ஒருவருடைய காலோ கையோ இருக்கும்.

எங்கள் தலைமை மருத்துவரின் பெயர் சோல்வெய்க். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாயில் வர ஓராண்டு பிடித்தது. அதுவரை பெயரே சொல்லாமல் சமாளித்தேன். உயரமான, ஒடிசலான மனிசி. பாராட்ட மாட்டார், ஏசவும் மாட்டார். எதைச் சொன்னாலும் "யா வெல்" என்பார். 'அப்படியா, சரி' என்று அதற்குப் பொருள். அதில் திருப்தி இருக்கிறதா, அதிருப்தி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே எங்களுக்கு ஒரு தனிப் பயிற்சி.

அவரிடம் ஒரு முறை இருந்தது. துண்டு ஒட்டிய ஒரே கண்ணாடித் தகட்டை இருவர் எதிரெதிரே இருந்து பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி எங்களிடம் இருந்தது. தகட்டோடு வரும் கோரிக்கைத் தாளில் நோயாளியின் வயது, இடம், அனுப்பிய டொக்டரின் சந்தேகம் எல்லாம் இருக்கும். சோல்வெய்க் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அந்தத் தாளின் மேல் வைத்து மறைத்துவிடுவார். "என்ன தெரிகிறது?" என்று கேட்பார். என்ன நோய் என்று கேட்க மாட்டார். தெரிவதை மேலிருந்து கீழாக, படைபடையாகச் சொல்லி முடித்த பிறகுதான் கூடு நகரும். தாளை முதலில் வாசித்தவர் தகட்டில் தாளைத்தான் பார்ப்பார் என்பது அவருடைய கட்சி.

வெட்டும் மேசை வேலையும் அப்படியே. துண்டு, கெடாமல் காக்கும் ஃபோர்மலின் திரவப் போத்தலில் வரும். வெளியே எடுத்து, அளந்து, நிறத்தைச் சொல்லி, ஓரங்களுக்கு மை பூச வேண்டும்: ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கறுப்பு. தோல் துண்டு பெரும்பாலும் படகு வடிவத்தில் இருக்கும். அதைப் பாண் ரொட்டி வெட்டுவது போல, நீளத்துக்குக் குறுக்கே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டி, சிறு பெட்டிகளில் வைக்க வேண்டும். பிறகு பெரித்தின் கைக்குப் போகும். பெரித் எங்கள் ஆய்வுகூடத்தின் மூத்த ஊழியர்; வெட்டிய முகம் கீழே இருக்கும்படி துண்டுகளை மெழுகில் நிறுத்தி, மயிரிழையிலும் மெல்லிய தாள்களாகச் சீவி, தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்.

நான் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் என் குறிப்பேட்டில் வரைவேன். பெயர் எழுத மாட்டேன். கிழமையும் படமும் மட்டும். யாரும் கேட்காத வேலை அது. பெரித் கதவடியில் நின்று, "ஓவியக் கண்காட்சி எப்போது? எனக்கும் ஒரு நுழைவுச்சீட்டு வை" என்று பகிடி பண்ணுவார்.

பயிற்சியின் கடைசி ஆண்டில் அந்த வெளிநாட்டு இடத்துக்கு விண்ணப்பித்தேன். சோல்வெய்க்கின் பரிந்துரைக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். அந்த வாரத்துத் திங்கட்கிழமைதான் அந்தத் தகடு வந்தது.

இடது உள்ளங்கால், ஒரு மச்சம், பெண். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன். முந்திய வாரம் அந்தத் துண்டை வெட்டியது நான்தான். கூடு தாளை மூடியது. நான் சொல்லத் தொடங்கினேன். நிறமிக் கலங்கள், அதாவது செல்கள், மேற்தோலின் அடியில் கூட்டங்கூட்டமாக இல்லாமல் ஒரே வரிசையாக, இடைவெளியின்றி ஓடின. சில கலங்கள் மேலே ஏறியும் இருந்தன. உள்ளங்காலில் இப்படிப் பார்த்தால் ஒன்றைத்தான் நினைக்க வேண்டும்.

"மெலனோமா. இன்னும் மேற்தோலுக்குள்தான்" என்றேன்.

சோல்வெய்க் தகட்டை மூன்று தரம் நகர்த்திப் பார்த்தார். "யா வெல்" என்றார். கூட்டை எடுத்தார். "அறிக்கையை எழுது. நாளைக்குக் கையெழுத்து வைக்கிறேன்."

அந்த அறிக்கை போனால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உள்ளங்காலில் அகலமாக வெட்டுவார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டிய தோலில் நின்று வேலை செய்வது எவ்வளவு கடினம் என்பதை நின்று வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். துண்டின் நீளத்தைச் சரிபார்க்கக் குறிப்பேட்டைத் திறந்தேன். படகு வடிவம், இரு நிற மை, வெட்டிய பின் சேர்த்த, கத்தி போன இடத்தைக் காட்டும் கோடுகள். அவற்றோடு, மெல்லிசாக, தோலின் மேலிருந்த ரேகைகளையும் வரைந்திருந்தேன். விரல் நுனியில் இருப்பது போல உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு. ரேகைகளும் என் கத்திக் கோடுகளும் ஒரே திசையில் ஓடின.

கை நின்றுவிட்டது.

உள்ளங்கை, உள்ளங்கால் மச்சங்களை ரேகைக்குக் குறுக்கேதான் வெட்ட வேண்டும். அங்கே நிறமிக் கலங்கள் ரேகையின் பள்ளம் வழியே வரிசையாக இருக்கும். குறுக்கே வெட்டினால், பள்ளத்துக்கு ஒன்றாக அழகாகப் பிரிந்து தெரியும். ரேகையோடு சேர்த்து வெட்டினால், அந்த முழு வரிசையையும் நீளப்பாட்டில் பிளந்த மாதிரி ஆகி, சாதாரண மச்சமே மெலனோமா வேடம் போடும். இது எனக்குத் தெரியாததல்ல. வழக்கமாக, காலிலிருந்து துண்டை வெட்டி அனுப்பும் டொக்டர்கள் படகை ரேகையோடு நீட்டி வெட்டுவார்கள். எங்கள் பாண் வெட்டுத் தானாகவே ரேகைக்குக் குறுக்கே வந்துவிடும். இந்த டொக்டர் படகை ரேகைக்குக் குறுக்கே திருப்பி வெட்டியிருந்தார். என் கண் ரேகையைப் பார்த்தது. படத்திலும் கை அதை வரைந்தது. ஆனால் கத்தி பழக்கத்தில் போய்விட்டது.

தோல் மருத்துவத்தில் சேர்ந்திருந்தால் அந்த உள்ளங்காலை நான் நேரில் பார்த்திருப்பேன், இந்தப் பிழை வந்திராது என்றுதான் முதலில் தோன்றியது. அந்தப் பழைய வியாழன் மழைக்குள் எடுத்த முடிவு பிழையோ என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. பிறகு எழுந்து பெரித்திடம் போனேன்.

"அந்த உள்ளங்கால் மெழுகுக் கட்டிகளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?"

"கிட்டத்தட்ட முழுதும். ஏன், படம் சரியில்லையா?"

"படம் சரி. வெட்டுத்தான் பிழை."

பெரித் பகிடி விடுவதை நிறுத்தினார். மெழுகை உருக்கி, துண்டுகளைத் தொண்ணூறு பாகை திருப்பி, மீண்டும் நிறுத்திச் சீவலாம். ஆனால் இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். நாலைந்து ரேகைகள்தான் கிடைக்கும். கை தவறினால் துண்டே போய்விடும், பிறகு எந்த விடையும் இல்லை. "தலைமையின் சொல் இல்லாமல் நான் உருக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னது சரி.

சோல்வெய்க் உணவறையில் தனியாக இருந்தார். மொறுமொறு ரொட்டியில் சீஸ் வைத்துக்கொண்டிருந்தார். பரிந்துரைக் கடிதத்தின் வரைவு அவருக்குப் பக்கத்தில் கிடந்தது. மேல் வரியில் என் பெயர் தெரிந்தது. சொல்லப்போவது என் பிழையை மட்டுமல்ல, நேற்று "யா வெல்" என்ற அவருடைய பிழையையும்தான். நான் உட்காரவில்லை. குறிப்பேட்டைத் திறந்து கடிதத்தின் மேலேயே வைத்தேன்.

படத்தைப் பார்த்தார். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"யார் வெட்டியது?"

"நான்."

"யார் பார்த்தது?"



"நான்" என்றார் அவரே. "ஆகவே இருவர். பெரித்திடம் சொல், உருக்கட்டும். பிழைப் பதிவில் இரண்டு பெயரையும் எழுது. அகரவரிசையில்."

வியாழன் மதியம் புதிய தகடு வந்தது. பெரித் அதைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார். தாளில் என்ன இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தும், சோல்வெய்க் கண்ணாடிக் கூட்டை அதன் மேல் வைத்தார்.

"என்ன தெரிகிறது?"

நாலு ரேகைகள் இருந்தன. ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் கலங்கள் சிறு கூடாகத் திரண்டு, இரு பக்கமும் சமமாக இருந்தன. மேலே ஏறியிருந்த சில கலங்களும் பள்ளத்துக்கு நேரே, ஒழுங்காக நின்றன. மேலிருந்து கீழாகச் சொல்லி முடித்தேன்.

"மச்சம். வெறும் மச்சம்."

"யா வெல்" என்றார். அன்று அதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. பெரித் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை கடிதத்தின் பிரதி எனக்கு வந்தது. புதிதாக ஒரு பந்தி சேர்ந்திருந்தது. நான் ஒரு துண்டைப் பிழையாக வெட்டியதையும், தலைமை மருத்துவரான தானும் அதைக் காணாமல் விட்டதையும், நானே அதைக் கண்டு வந்து சொன்னதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். வீட்டில் அதை இரண்டு தரம் வாசித்த என் கணவர், "இஞ்சாரும், மனிசி உமக்காக எழுதினதோ, உமக்கு எதிராய் எழுதினதோ?" என்று கேட்டார்.

அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. ஒரு தோல் மருத்துவருக்குப் போனது. மச்சாள் தொலைபேசியில், "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்கினா. "ஓம் மச்சாள், சொன்னனீங்கள்" என்று முடித்துவிட்டேன். அடுத்த நாள் காலை வழக்கம்போல வெட்டும் மேசைக்குப் போனேன். மேசைக்கு மேலே ஓர் அட்டையை ஒட்டினேன்: 'உள்ளங்கை, உள்ளங்கால்: முதலில் ரேகையைப் பார். குறுக்கே வெட்டு.' என் கணவர் கேட்ட கேள்விக்கு விடை அந்த ஆண்டுதான் முழுதாகக் கிடைத்தது. தோற்ற பிறகும் அந்த மேசைக்குப் போக எனக்குக் கால் பின்வாங்கவில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தேன். சோல்வெய்க் பழைய கடிதத்தை எடுத்து, "அந்தப் பந்தியை நீக்கவா?" என்று கேட்டார்.

"வேண்டாம், சோல்வெய்க்" என்றேன். பெயர் அன்று தடங்கலின்றி வந்தது.

இந்த முறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த வயதானவர் என் சான்றிதழ்களைத் திருப்பிப் பார்க்கவில்லை. கடிதத்தின் அந்தப் பந்தியில் விரலை வைத்துக் கேட்டார்: "இனிமேல் இது நடக்காது என்று எப்படி உறுதி சொல்வீர்கள்?"

தயார் செய்து கொண்டுபோன விடைகள் என்னிடம் பல இருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஒரு தாள் கேட்டேன். படகு வடிவம் வரைந்தேன். அதன் மேல் ரேகைகளை வரைந்தேன். ரேகைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அவர் பார்த்து முடிக்கும்வரை பேனாவை மீண்டும் தாளில் வைக்கவில்லை. பிறகு அவற்றுக்குக் குறுக்கே நாலு கோடு போட்டேன். "கத்தியை எடுக்க முன்னம் இதை வரைவேன். வரைந்ததைத் திரும்பவும் பார்ப்பேன்" என்றேன். அவர் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு: திரையோ தகடோ, துண்டை யாரோ ஒருவர் கையால்தான் வெட்ட வேண்டும். வெல்லும் கணக்கைப் போடுங்கள், நானும் போட்டேன். அதோடு, இடம் கிடைக்காவிட்டால் அடுத்த நாள் காலை எந்த மேசைக்குக் கால் போகும் என்றும் பாருங்கள். அந்த மேசை இருக்கும் துறையை எடுங்கள்.

இடம் எனக்குத்தான் என்ற கடிதம் நேர்முகம் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. ஆனால் குறிப்பேட்டில் நேர்முகத்தன்றே, 'செவ்வாய். வெயில். கிடைத்தது' என்று எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுக் குறிப்பேடுகளில் நடப்பதற்கு முன்னரே நான் எழுதிவைத்த பதிவு அது ஒன்றுதான். அதை நான் இன்றுவரை திருத்தவில்லை.